பதினேழாவது கட்டம்

"அக்கா, அந்தக் கடைசிக் கட்டத்துல என்ன எழுதுவீக?"

"நீ என்ன சொல்றியோ அதை எழுதுவேன்."

"ஒண்ணும் வேணாம்னு சொன்னா?"

"ஒண்ணும் வேணாம்னுதான் எழுதணும். நெசமாவே ஒனக்கு ஒண்ணும் வேணாமா வள்ளி?"

"வேணும்தான். ஆனா அது அரசாங்கத்துக்கிட்டக் கேக்கிற சாமானா? எங்க வீட்டுக்காரககிட்டக் கேக்கணும். ஏழு வருசமாக் கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன்."

"அப்படி என்னதான் கேக்கப் போற?"

"சிரிப்பீக."

"சிரிக்கமாட்டேன், சொல்லு."

"என்னையும் ஒரு நாள் மலைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கணும். ஜீப்புல அவுக பக்கத்துல ஒக்காந்து போகணும். வாரத்துல ஆறு நாள் அவுக இருக்கிற எடம் எப்படி இருக்குன்னு பாக்கணும். அம்புட்டுத்தான்."

நான் சிரித்துவிட்டேன்.

"பாத்தீகளா! இதை எழுதிப்புடாதீக. அவுக காதுக்கும் போகக் கூடாது. கேட்டா, அவுக அப்பாவைப் பாத்துக்க ஆளு தேடி அல்லாடுவாக. முடியலைன்னா மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படுவாக. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"எங்க வீட்டுல சத்தியம் பண்ணக் கூடாதும்பாங்க. சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன்."

இப்படித்தான் 1984ஆம் வருடம் ஆவணி மாதத்தில் ஒரு நாள், வள்ளி என்று எல்லாரும் கூப்பிடும் சந்திரவல்லியின் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, படிவத்தில் 'உங்கள் தேவை என்ன' என்று கேட்ட பதினேழாவது கட்டத்தில் 'தேவை எதுவுமில்லை' என்று எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், உள்ளறையில் குரல் கொடுத்த மாமனாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அப்போது நான் மதுரையில் டாக்டர் சத்தியநேசனிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் சொந்த ஊர் போடிதான். அப்பாவுக்குக் கடைவீதியில் பலசரக்குக் கடை. எம்.ஏ. படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, ஊரையும் தெருவையும் அறிந்த ஒருத்தி வேண்டும் என்று டாக்டர் என்னைச் சேர்த்துக்கொண்டார். போடி, ராசிங்காபுரம், பொட்டிபுரம், தேவாரம் என்று வீடு வீடாகப் போக வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு நினைவு மங்கி ஓர்மை தப்பியிருக்கிறது, அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். இதுதான் என் வேலை.

"வயசானா அப்படித்தான்" என்று மருத்துவர்களே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. டாக்டர் அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபப்படுவார். "முடி நரைக்கிறது வயசு. பெத்த பிள்ளையை யாருன்னு கேக்கிறது நோய். நோய்னா அதுக்குப் பார்க்கிற முறைன்னு ஒண்ணு இருக்கணும், பார்த்துக்கிறவங்களுக்கும் ஒரு துணை இருக்கணும்" என்பார். முதியோர் நலனுக்கு என்ன செய்யலாம் என்று யோசனை சொல்வதற்காக அரசு அப்போது ஒரு குழுவை அமைத்திருந்தது. ஊருக்கு இரண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இப்படிப்பட்ட வீடுகளுக்கு வாரத்தில் ஒரு பகல் போய் உட்காரச் சொல்ல வேண்டும் என்பது டாக்டரின் யோசனை. குழு கணக்கெடுப்பைக் கேட்டது. அதற்குத்தான் என் படிவங்கள்.

முதல் மூன்று மாதத்துப் படிவங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "தேவகிருபை, உங்க ஊர்ப் பெண்களுக்கு ஆண்களைவிட ரெண்டு மடங்கு மறதி இருக்கே, ஏன்?" என்றார். எனக்கும் புரியவில்லை. படிவங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பரப்பி வைத்துப் பார்த்தேன். பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியில்தான் சைபர் வாங்கியிருந்தார்கள். நான்காவது கேள்வி: உங்கள் கணவர் பெயர் என்ன?

என் அம்மா செல்லக்கனி எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, அறுபது வயசுப் பொம்பளையைப் போயிப் புருசன் பேரைச் சொல்லச் சொன்னியா? நானே இதுவரைக்கும் உங்க அப்பா பேரை வாய்விட்டுச் சொன்னதில்லையே. அப்ப எனக்கும் சைபரா?"

அடுத்த நாளே ராசிங்காபுரம் பஸ்சைப் பிடித்து ஜக்கம்மாளைப் பார்க்கப் போனேன். முதல் தடவை நான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது உதட்டை இறுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தவர் அவர். இந்தத் தடவை விஷயத்தைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கா மறதி? படிச்ச பிள்ளைன்னு வந்திருக்க, ஒனக்குத்தான் வெவரம் பத்தல. ஊருக்கு மேக்க அருவாளைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரே, அந்தச் சாமி யாரு?"

"முனியசாமி."

"ஆங். அவுகதான் இவுக. எழுதிக்கோ!"

டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, 'பிறந்த ஊர் எது' என்று எழுதினார். நூற்றுப்பதினாறு பெண்களையும் திரும்பப் போய்ப் பார்க்கச் சொன்னார். தன் முதல் அறிக்கையில் இந்தத் தப்பையும் மறைக்காமல் ஒரு பக்கம் எழுதினார். அவரிடம் எனக்கு மரியாதை பிறந்தது அன்றைக்குத்தான்.

போடியில் சந்திரவல்லியின் வீடு அந்த இரண்டாவது சுற்றில்தான் எனக்குக் கிடைத்தது. அவளுடைய மாமனார் சுருளிவேல், மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருடம் கங்காணியாக இருந்தவர். வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு போவது, பேர் கூப்பிடுவது, வேலை வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அறுபது வயதுக்குள்ளேயே அவருக்கு ஓர்மை தப்பிவிட்டது. ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்புவது மட்டும் மறக்கவில்லை. மகன் காசிராஜன் அதே எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவன். காய் எடுக்கிற மாதங்களில் அடுப்பை விட்டு நகர முடியாது; மற்ற மாதங்களில் காவல். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வந்து திங்கட்கிழமை காலையில் ஏறிவிடுவான். ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் வள்ளிதான்.

"மாமாவை எப்படிச் சமாளிக்கிறே?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஜீப்பு ஸ்டாண்டுக்கு வாங்க" என்றாள்.

போனேன். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கம்பளிக் கோட்டும் கையில் பிரம்புமாகச் சுருளிவேல் நடந்து வந்தார். அந்த வெக்கையில் கம்பளிக் கோட்டு. பத்தடி தள்ளி வள்ளி வந்தாள்.

"ஏலே அமாவாசை, ஆளு எத்தனை?" என்றார் முதல் ஜீப்பின் டிரைவரிடம்.

"இருவத்திரெண்டு கங்காணியாரே."

"நேத்தைக்கு இருவத்தஞ்சுல்ல?"

"மூணு பேருக்குக் காய்ச்சல்."

"காய்ச்சலாவது கத்திரிக்காயாவது" என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒருத்தி, "கங்காணி, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, ஒங்க கோட்டுல எனக்கு வேர்க்குது" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் அப்படியே போனது. பிறகு அமாவாசை மலையைப் பார்த்துக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"கங்காணியாரே, மலையடி முந்தல்ல இருந்து ஆள் வந்து சொல்லிட்டான். மேல பேய் மழையாம். இன்னைக்கு வேலை இல்லைன்னுட்டாங்களாம்."

வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. ஆனால் சுருளிவேலின் முகத்தில் சட்டென்று பொறுப்பு வந்து உட்கார்ந்தது. இறங்கினார். பிரம்பை உயர்த்தினார். "பொம்பளையாளுகளை நனைய விடாதே. எல்லாரும் வீட்டுக்குப் போங்கத்தா. நாளைக்கு வெரசா வந்துருங்க."

"சரிங்க கங்காணி" என்று இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் இறங்குவது போலக்கூட எழுந்தார்கள். அவர் திரும்பி நடந்ததும் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் தெரு முனையைத் தாண்டிய பிறகுதான் அமாவாசை வண்டியைக் கிளப்பினான்.

"வள்ளி, மழையில குடை கொண்டாரலையா?" என்று ஜீப்பிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"ஒன் வாயைத்தான் குடையா விரிச்சு வெச்சிருக்கியே, அது போதும்" என்று வள்ளியும் விடவில்லை.

வழியில் அவளே சொன்னாள். ஆரம்பத்தில் மாமாவை உள்ளே வைத்துப் பூட்டினார்களாம். கதவை உடைத்தார். மறித்தவளைப் பிரம்பால் அடித்தார். முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பை அவள் காட்டவில்லை. சேலையை இழுத்து மூடியதில் நானே பார்த்துவிட்டேன். ஒரு நாள் மலையில் நிஜமாகவே பெருமழை. ஜீப்பு போகாது என்று யாரோ சொன்னார்கள். மாமா தானாகத் திரும்பி வந்து, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அமைதியாகச் சாப்பிட்டாராம்.

"அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு அக்கா. போகக் கூடாதுன்னு நாம சொன்னாத்தான் கோவம். வேலை இல்லைன்னா அவுகளுக்குத் தெரியும், ஆளுகளைத் திருப்பி அனுப்பணும்னு. அது அவுக சோலி. அதை நாம பிடுங்கக் கூடாது."

அடுத்த நாள் அவள் ஜீப்பு ஸ்டாண்டில் இருந்த ஏழு டிரைவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஏழு வருடமாக அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வண்டி ஓட்ட வருகிறவனுக்கு வளைவுகளைச் சொல்லிக்கொடுப்பதோடு இதையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்த கால் மணி நேரத்தில் "எனக்கு யாரும் சோறு போடலை" என்பார். "இப்பத்தானே சாப்பிட்டீக" என்ற வார்த்தை அந்த வீட்டில் எழுந்ததே இல்லை. ஒரு வேளைச் சோற்றை நான்காகப் பிரித்து மூடி வைத்திருப்பாள். கேட்கும்போதெல்லாம் புது இலை போட்டு, புதிதாகப் பரிமாறுவது போலப் பரிமாறுவாள். அவர் அவளை ஒரு நாள் கணக்கப்பிள்ளை மகள் என்பார், ஒரு நாள் செத்துப்போன தன் தங்கை பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். எந்தப் பேருக்கும் வள்ளி "என்னங்க" என்பாள்.

நான் சொன்னதைக் கேட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை எங்களுக்கு யாரும் கத்துக்கொடுக்கலையே" என்றார். அந்த வாரமே மதுரையிலிருந்து அதிகாலைப் பஸ்சில் வந்து ஜீப்பு ஸ்டாண்டில் நின்று பார்த்தார். வள்ளியிடம் பாடம் கேட்கிற மாணவனைப் போல அவர் கேள்வி கேட்டதும், "டாக்டரய்யா, நீங்க ஒக்காருங்க, நின்னா எனக்கு வாயே வரமாட்டேங்குது" என்று அவள் தவித்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதன் பிறகு போடி வரும்போதெல்லாம் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிராஜனையும் பார்த்தேன். நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, நீ எந்த எஸ்டேட்டு ஆளு?" என்றார் அப்பா.

"ஒங்க ஆளுதான் கங்காணி" என்றான் மகன், கத்தியை அசைக்காமல்.

பிறகு என்னிடம் சொன்னான். "மேல எல்லாரும் கேப்பாங்கம்மா, அப்பாவை இப்படி வெச்சுக்கிட்டு எப்படிடா நிம்மதியா வேலை பாக்கேன்னு. எங்க வீட்டுல அவ இருக்கா, எனக்கு அந்தக் கவலையே இல்லைம்பேன்."

அடுப்படியில் வள்ளி அதைக் கேட்டாள். அவள் முகம் அப்படியே சிவந்து மலர்ந்தது. எந்தப் பெண்ணுக்குத்தான் மலராது? ஆனால் அந்த மலர்ச்சியோடேயே அவள் வாய் இன்னொரு வாரத்துக்கு மூடிக்கொண்டதையும் நான் பார்த்தேன். கவலையே இல்லை என்று நிம்மதியாக இருக்கிற மனிதனிடம், எனக்கு ஒன்று வேண்டும் என்று எப்படி ஆரம்பிப்பது?

ஏன் ஒரு நாளைக்கு மாமாவை வேறு யாரிடமாவது விடக்கூடாது என்று ஒரு தடவை கேட்டேன். விட்டுப் பார்த்தாளாம். இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுடைய தங்கை கல்யாணத்துக்காக, காசிராஜனின் அக்கா சுந்தரம்மாள் அப்பாவைத் தேவாரத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். மறுநாள் விடிவதற்குள் ஜீப்பைத் தேடிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். மத்தியானம், மலையடி மக்காச்சோளக் காட்டில் காலெல்லாம் ரத்தமாகக் கிடந்தவரைக் கண்டுபிடித்தார்கள். முதல் நாள்தான் அந்தக் காட்டில் யானை இறங்கியிருந்தது.

"மதினி அழுதுக்கிட்டே கொண்டாந்து விட்டாக. 'எனக்கு ஒன்னைய மாதிரி வராதுத்தா, நீ மகராசி'ன்னாக. அதுக்கப்புறம் யாரைக் கேக்கிறது? எல்லாரும் என்னைய மகராசின்னே சொல்லிட்டுப் போயிர்றாக."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் அவளைப் பற்றி அறிக்கையில் என்னென்ன புகழ்ந்து எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அறிக்கை முடிந்தது. வள்ளியின் பேரைச் சொல்லாமல், அவளைப் பற்றி மட்டும் ஏழு பக்கம் நான் எழுதினேன். டாக்டர் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. ஓர்மை தப்பியவர்கள் இருந்த வீடுகள் நாற்பத்தொன்று. பதினேழாவது கட்டத்தின் கீழே, முப்பத்தொன்பது வீடுகளில் 'தேவை எதுவுமில்லை'. இரண்டு வீட்டில் கட்டில் கேட்டிருந்தார்கள். அட்டவணையைத் தட்டச்சு செய்யக் கொடுத்தபோது அந்த எண்ணை நான் ஒரு கணம்கூட நின்று பார்க்கவில்லை.

1985 மாசி மாதம் குழு போடிக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ராசிங்காபுரத்திலிருந்து ஜக்கம்மாள்கூட வந்திருந்தார். வள்ளியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அமாவாசை சுருளிவேலைக் கூட்டிவந்து கதவோரம் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். எஸ்டேட்டுக் கூட்டம் என்று நினைத்த சுருளிவேல், குழுத் தலைவர் உள்ளே நுழைந்ததும் எழுந்து, "வாங்க, ஆளுக எல்லாம் வந்தாச்சு, ஆரம்பிக்கலாம்" என்றார். தலைவர் பணிவாக அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேடை ஏறினார். நல்ல மனிதர், நரைத்த தலை, கனிந்த குரல். காசிராஜன் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"டாக்டர், உங்க அறிக்கையை ரயில்லயே படிச்சு முடிச்சேன்" என்று தலைவர் ஆரம்பித்தார். "ஜீப்பு ஸ்டாண்டைப் பத்தி எழுதியிருந்த பக்கத்துல எனக்குக் கண் கலங்கிடுச்சு. அந்தத் தாய் இங்கே வந்திருக்காங்கன்னு சொன்னாங்க."

வள்ளி கூசிக்கொண்டே எழுந்தாள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மண்டபம் கைதட்டியது. பின்சுவரிலிருந்து காசிராஜனும் தட்டினான். அவன் கண் பளபளத்தது.

"பயிற்சி கொடுத்துப் பெண்களை அனுப்பணும்னு டாக்டர் கேட்டிருக்கார். நல்ல யோசனை. ஆனா அவரோட அட்டவணையே வேற சொல்லுதே. நாற்பத்தொரு வீட்டுல முப்பத்தொன்பது வீட்டுக்குத் தேவை எதுவுமில்லை. இப்படி மருமகள்கள் இருக்கிற ஊருக்கு நாம யாரை அனுப்பறது? அவங்களுக்கு நாம என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? பெரிய பட்டணங்களுக்கு அனுப்புவோம். இந்த வட்டாரத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டியதில்லைன்னு சந்தோஷமா எழுதிக்கிறேன்."

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். ஊருக்குப் பெருமை அல்லவா! பெண்கள்தான் அதிகம் தட்டினார்கள்.

டாக்டர் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தலைவர் பேனாவைத் திறந்தார். அதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஐயா, அந்தக் கட்டம் தப்பு. அதை எழுதினது நான்தான்."

"எப்படித் தப்பு? அவங்க சொல்லாததை எழுதினீங்களா?"

"சொன்னதைத்தான் எழுதினேன். ஆனா கேட்ட விதம் தப்பு. மாமியார் கட்டில்ல படுத்திருக்க, புருசன் வாசல்ல உக்காந்திருக்க, ஒனக்கு என்ன வேணும்னு மருமகள்கிட்டக் கேட்டேன். ஒண்ணும் வேணாம்னாங்க. மொதல்ல, புருசன் பேரைச் சொல்லலைன்னு நூறு பெண்களுக்கு மறதின்னு எழுதினவ நான். அந்தத் தப்பைத் திருத்திட்டோம். அதே தப்பைத்தான் கடைசிக் கட்டத்துலயும் பண்ணியிருக்கேன். இதை இன்னைக்கு வரைக்கும் நான் பார்க்கலை."

"அப்போ என்ன தேவைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வள்ளி என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

"ஒரு சிலது தெரியும் ஐயா. சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன், சொல்லமாட்டேன். நீங்களே கேளுங்க. நாங்க எல்லாரும் மொதல்ல புகழ்ந்துட்டோம். புகழ்ந்த பிறகு அவங்களால எப்படி வாயைத் திறக்க முடியும்?"

உட்கார்ந்தேன். மண்டபத்தில் ஒரே முணுமுணுப்பு. "பொம்பளைக்கு எம்புட்டுத் துணிச்சல்" என்று யாரோ சொன்னார்கள். "அவ சொல்றது சரிதானடா" என்று ஜக்கம்மாளின் குரல் கேட்டது.

தலைவர் பேனாவை மூடினார். அந்த ஒரு செயலுக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். மேடையிலிருந்து இறங்கி வந்து, வள்ளிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் அவசரப்பட்டுட்டேன். உங்களுக்கு என்ன வேணும்? யோசிச்சுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

வள்ளி பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தாள். அதை நிதானமாக மடித்துப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"மாமா எனக்குப் பாரமில்லைங்க" என்றாள். குரல் கேட்காமல் எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். "அவுக என்னைய அடிச்சதும் நெசம், பெத்த பிள்ளை மாதிரி என் கையில சோறு வாங்கித் திங்கிறதும் நெசம். அவுகளை ஒரு இல்லத்துல கொண்டுபோய் விடுங்கன்னா விடமாட்டேன். ஆனா ஏழு வருசமா நான் தூங்கையிலயும் ஒரு காது முழிச்சே கெடக்கு. காய்ச்சல்ல படுத்தாக்கூடப் படுத்ததில்ல."

பின்சுவரில் காசிராஜன் நிமிர்ந்தான்.

"வாரத்துல ஒரு பகல் வந்து இருக்க ஒரு பொம்பளைய அனுப்புங்க. வந்த அன்னைக்கே விட்டுட்டுப் போகமாட்டேன். நான் கூட இருந்து சொல்லிக்குடுப்பேன். என்ன சொன்னா மாமா சிரிப்பாக, என்ன சொன்னாக் கோவப்படுவாக, சோத்தை எப்படிப் பிரிச்சு வெக்கணும், எல்லாம். எங்க வீட்டுக்கு மட்டுமில்ல, வேணும்னா மத்த நாப்பது வீட்டுக்கும் போயிச் சொல்லிக்குடுக்கிறேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

டாக்டர் முகத்தை நான் பார்த்தேன். அறிக்கையின் நூற்றிருபது பக்கமும் எழுத முயன்றதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. தலைவர் மறுபடி பேனாவைத் திறந்து, அட்டவணையில் அந்த முப்பத்தொன்பதை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். எங்களுக்குத் தெரியும்படி தாளைத் திருப்பிப் பிடித்து அடித்தார்.

"அனுப்பச் சொல்லி எழுதறேன்மா. ஒண்ணு கேக்கலாமா? அப்படி ஒரு ஆள் வந்தா, அந்தப் பகல்ல நீங்க என்ன செய்வீங்க?"

வள்ளி எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெஞ்சுகளின் நடுவே இருந்த வழியில் பின்சுவரைப் பார்த்து நடந்தாள். ஆட்கள் காலை ஒடுக்கி வழிவிட்டார்கள். காசிராஜன், என்னவோ ஏதோ என்று இரண்டடி முன்னால் வந்தான். "என்ன வள்ளி? என்னத்தா வேணும்?" என்றான். சற்றுமுன் தட்டிய கைகள் இரண்டும் அவளைத் தாங்கப்போவது போல நீண்டன.

அவள் அவனுக்கு முன்னால் போய் நின்று, தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் அவளிடம் இல்லை.

"ஒங்ககிட்டத்தாங்க கேக்கணும்" என்றாள். "ஒரு நாளைக்கு என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போறீகளா?"